விளையாட்டின் விலையும் நுகர்வோர் உரிமையும்

காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்கள் கொள்வதிலும் கொடுப்பதிலும் அளவு பிறழாதவர்கள். விலையை மறையாது கூறி விற்றவர்கள். இவ்வாறு அவர்களைப் பட்டினப்பாலை போற்றுகின்றது. திருக்குர்ஆனின் 83ஆம் அத்தியாயம் அளவையில் மோசடி செய்வோரைக் கண்டித்தே தொடங்குகின்றது. விற்கப்படும் பொருள் இன்னது, அதன் விலை இவ்வளவு என இரு தரப்பாரும் அறிந்திருத்தல் இஸ்லாமிய வணிக நெறியின் அடிப்படை. இவ்விரு மரபுகளும் வற்புறுத்தும் வெளிப்படைத் தன்மை, இக்காலத்துப் புதுப் பண்டமாகிய வீடியோ விளையாட்டின் விற்பனையில் எந்த அளவுக்குப் பேணப்படுகின்றது என்பதை நுகர்வோர் நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விலை உயர்ந்ததா?

1990களில் வீடியோ விளையாட்டுகள் பெரும்பாலும் கார்ட்ரிட்ஜ் எனப்படும் பேழைகளில் விற்கப்பட்டன. அவற்றினுள் நினைவகச் சில்லுகள் இருந்தமையால் உற்பத்திச் செலவு மிகுதி. அமெரிக்காவில் அவற்றுள் சில 70 டாலருக்கு மேலும் விற்றன. 1994இல் ஜப்பானில் வெளிவந்த பிளேஸ்டேஷன் குறுந்தகட்டைப் பயன்படுத்தியது. தகடு அச்சிடும் செலவு மிகக் குறைவாதலால் விளையாட்டின் விலையும் தணிந்தது. 2005இல் எக்ஸ்பாக்ஸ் 360 வந்தபோது பெரிய விளையாட்டுகளின் விலை 59.99 டாலர் என நிலைபெற்றது. 2020இல் அது 69.99 டாலராக உயரத் தொடங்கியது. 2025இல் நின்டெண்டோ நிறுவனம் ‘மரியோ கார்ட் வேர்ல்டு’ விளையாட்டுக்கு 79.99 டாலர் விலை குறித்தபோது நுகர்வோரிடையே பெரும் மனக்குறை எழுந்தது.

எனினும், 2005ஆம் ஆண்டின் 60 டாலர், விலைவாசி உயர்வைக் கணக்கிட்டால், இன்று 90 டாலருக்கும் மேற்பட்ட மதிப்புடையது. ஒரு பெரிய விளையாட்டை உருவாக்க நூற்றுக்கணக்கானோர் பல்லாண்டுகள் உழைக்கின்றனர். ஆகவே, விலைச்சீட்டில் அச்சிட்ட எண்ணை மட்டும் கொண்டு ‘கொள்ளை விலை’ எனக் கூறிவிடல் நடுநிலை ஆகாது. நுகர்வோர் கவலைகொள்ள வேண்டியது விலைச்சீட்டில் இல்லாத விலையைப் பற்றியே ஆகும்.

இலவசத்தின் விலை

இன்று எத்தனையோ விளையாட்டுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. விளையாடத் தொடங்கிய பின்னரே ஆடை, ஆயுதம், கூடுதல் வாய்ப்பு என ஒவ்வொன்றும் விற்கப்படுகின்றது. அவ்விற்பனையும் நேரடியாக நாணயத்தில் நிகழ்வதில்லை. எடுத்துக்காட்டாக, ‘ஃபோர்ட்நைட்’ விளையாட்டில் முதலில் உண்மைப் பணம் கொடுத்து ‘வி-பக்ஸ்’ என்னும் விளையாட்டுப் பணத்தை வாங்க வேண்டும்; பின்னர் அதைக்கொண்டு பொருள்களை வாங்க வேண்டும். இடையில் ஒரு போலி நாணயம் புகுந்துவிடுவதால், தாம் செலவிட்டது எத்தனை டாலர், எத்தனை ரூபாய் என்பது சிறுவர்களின் மனத்தில் பதிவதே இல்லை.

இந்த விளையாட்டை வெளியிட்ட எபிக் கேம்ஸ் நிறுவனம், குழப்பமான பொத்தான் அமைப்பால் பயனாளர் விரும்பாமலே பொருள் வாங்க நேரிடச் செய்தது என அமெரிக்கக் கூட்டரசு வணிக ஆணையம் குற்றஞ்சாட்டியது. பெற்றோரின் ஒப்புதலின்றிச் சிறுவர்கள் செலவிட இடமளித்தது என்பது மற்றொரு குற்றச்சாட்டு. 2022இல் ஏற்பட்ட தீர்வின்படி, நுகர்வோர்க்குத் திருப்பித் தருவதற்காக 24.5 கோடி டாலர் செலுத்த அந்நிறுவனம் உடன்பட்டது. சிறுவர்களின் தனியுரிமை தொடர்பான அபராதம் 27.5 கோடி டாலர் இதற்குப் புறம்பானது.

அறியாப் பண்டம்

‘லூட் பாக்ஸ்’ என்னும் மூடிய பெட்டி இதனினும் கொடியது. பணம் கொடுத்துத் திறந்த பின்னரே உள்ளிருப்பது அரிய பொருளா, பயனற்ற பொருளா என்பது தெரியவரும். இதில் விலை தெரிகின்றது, பண்டம் தெரிவதில்லை. இத்தகைய தெளிவின்மையை இஸ்லாமியச் சட்டநூலார் ‘கரர்’ என்றும், சூதினை ‘மைசிர்’ என்றும் வழங்குவர். 2018இல் பெல்ஜிய நாட்டுச் சூதாட்ட ஆணையமும், ‘ஃபிஃபா 18’, ‘ஓவர்வாட்ச்’ முதலிய விளையாட்டுகளில் விற்கப்பட்ட இப்பெட்டிகள் அந்நாட்டுச் சட்டப்படி சூதாட்டமே எனத் தெளிவுபடுத்தியது. அதன்பின் பெல்ஜியத்தில் அவற்றின் விற்பனையை நிறுவனங்கள் நிறுத்த நேர்ந்தது.

வாங்கியது யாருக்கு உரியது?

குறுந்தகட்டை வாங்கியவர் அதை நண்பருக்கு இரவல் கொடுக்கலாம். பழைய விலைக்கு விற்கவும் செய்யலாம். இணையம் வழியே இறக்கிக்கொள்ளும் விளையாட்டில் நாம் பெறுவது பொருளன்று. பயன்படுத்தும் உரிமம் மட்டுமே. 2014இல் யூபிசாஃப்ட் வெளியிட்ட ‘தி க்ரூ’ இதற்குத் தக்க சான்று. அதன் சர்வர்கள் 2024 மார்ச் 31 அன்று நிறுத்தப்பட்டன. இணைய இணைப்பின்றி இயங்காத அவ்விளையாட்டு, தகடாகக் காசு கொடுத்து வாங்கியவர்க்கும் பயன்படாமற் போயிற்று. உரிமம் மட்டுமே விற்கும்போது அவ்வுண்மையைத் தெளிவாக அறிவிக்காமல் ‘வாங்கு’ என்னும் சொல்லைப் பயன்படுத்தலாகாது எனக் கலிபோர்னிய மாநிலம் இயற்றிய சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. ஒரு சொல்லின் பொருளைக் காக்கச் சட்டம் எழுந்தது என்பது மொழி பயில்வோர் சிந்திக்கத்தக்கது.

நுகர்வோர் பெற்ற வெற்றி

முறையிட்டதனால் பயன் விளைந்ததும் உண்டு. பணத்தைத் திருப்பித் தர மறுத்தது தொடர்பாக ஆஸ்திரேலிய நுகர்வோர் ஆணையம் தொடுத்த வழக்கில், ‘ஸ்டீம்’ இணையக் கடையை நடத்தும் வால்வ் நிறுவனத்துக்கு 2016இல் 30 இலட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. வாங்கிய 14 நாள்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாகவே விளையாடியிருப்பின் பணத்தைத் திரும்பப் பெறும் வசதியை அக்கடை 2015இல் ஏற்படுத்தியது. இந்தியாவிலும் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், இணைய விற்பனையில் நுகர்வோரை ஏமாற்றும் 13 வகை உத்திகளைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகள் 2023இல் வெளியிடப்பட்டுள்ளன. விலையைச் சிறிது சிறிதாக வெளிப்படுத்துவதும் அவற்றுள் ஒன்று.

முடிவுரை

ஒரு விளையாட்டை வாங்குமுன், அதனுள் மேலும் என்னென்ன விற்கப்படுகின்றன, இணைப்பு நின்றால் அது இயங்குமா, பிடிக்காவிடின் பணம் திரும்ப வருமா என்னும் மூன்று வினாக்களையேனும் கேட்டுத் தெளிதல் வேண்டும். பெற்றோர் தம் கைப்பேசியின் கடவுச்சொல்லைப் பிள்ளைகளிடம் ஒப்படைக்குமுன் இவற்றை எண்ணிப் பார்த்தல் நலம். விளையாட்டு குற்றமன்று, அதற்கு விலை கேட்பதும் குற்றமன்று. விலையை மறைப்பதே குற்றம். பண்டம் புதிதாயினும் வணிக அறம் பழையதே என்பதை விற்பவரும் வாங்குபவரும் உணர்வார்களாக!