மலிவான உதிரிபாகம், பெரிய இடர்

விநியோகச் சங்கிலியில் எந்த இடத்தில் ஆபத்து அதிகம் என்று பார்க்கும்போது, பல நிறுவனங்கள் முதலில் புரட்டுவது கொள்முதல் கணக்கைத்தான். கோடிக்கணக்கில் வாங்கும் பொருளுக்குக் கண்காணிப்பு உண்டு. சில்லறைக் காசுக்கு வாங்கும் பொருளை யாரும் பொருட்படுத்துவதில்லை. இந்த அளவுகோலே தவறு. 1997 பிப்ரவரி 1 அன்று ஜப்பானில் டொயோட்டாவின் சப்ளையரான ஐசின் செய்கியின் ஆலை தீப்பற்றியபோது தட்டுப்பாடான பொருள், பிரேக் அமைப்பில் பொருத்தும் சில டாலர் மதிப்புள்ள ஒரு சிறு வால்வு. டொயோட்டாவிடம் இருந்ததோ சில மணி நேரக் கையிருப்பு. ஜப்பானில் அதன் கார் உற்பத்தி ஏறக்குறைய முழுவதுமே சில நாட்கள் முடங்கிப்போனது.

மூன்று ஆண்டுகள் கழித்து நடந்தது இன்னும் கூர்மையான பாடம். 2000 மார்ச் 17 இரவு, அமெரிக்காவின் ஆல்புகர்க்கி நகரில் பிலிப்ஸின் சிப் தொழிற்சாலையில் மின்னலால் தீப்பிடித்தது. பத்து நிமிடங்களில் அணைத்துவிட்டார்கள். ஆனால் தூசியே படக்கூடாத அறைகளுக்குள் புகையும் தண்ணீரும் புகுந்துவிட்டன. ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்றே பிலிப்ஸ் முதலில் சொன்னது.

அங்கே சிப் வாங்கிய நோக்கியா அதோடு நிற்கவில்லை; தினமும் நிலவரம் கேட்டது. தாமதம் மாதக்கணக்கில் நீளும் என்று தெரிந்ததும், பிலிப்ஸின் மற்ற ஆலைகளில் இடம் கேட்டு வாங்கியது. வேறு நிறுவனங்களும் செய்யக்கூடியபடி சில சிப்களின் வடிவமைப்பையே மாற்றியது. அங்கே சிப் வாங்கிய இன்னொரு கைபேசி நிறுவனமான எரிக்சனோ செலவைக் குறைப்பதற்காக மாற்று சப்ளையர்களை முன்பே கைவிட்டிருந்தது. அது விழித்துக்கொண்டபோது கேட்டு வாங்க இடம் மிச்சமில்லை. சுமார் 40 கோடி டாலர் விற்பனை போயிற்று. மறு ஆண்டு அதன் கைபேசித் தொழில் சோனியுடன் கூட்டு நிறுவனமானது. அதற்கு இந்தத் தீ மட்டுமே காரணம் அல்ல, ஆனால் அடி பலமானது. பிறகுதான் எரிக்சன், ஒவ்வொரு பாகமும் நின்றால் மீண்டும் கிடைக்க எத்தனை மாதமாகும், அதுவரை எவ்வளவு வருமானம் போகும் என்று கணக்கிடத் தொடங்கியது.

எம்.ஐ.டி. பேராசிரியர் டேவிட் சிம்ச்சி-லெவி, ஃபோர்டு நிறுவனத்துடன் சேர்ந்து இதே சிந்தனையை முறையான கணக்காக்கினார். ஒரு சப்ளையரின் ஆலை நின்றால் மீண்டு எழ எத்தனை வாரம் ஆகும்? அது இல்லாமல் வாங்கும் நிறுவனம் எத்தனை வாரம் தாக்குப்பிடிக்கும்? மீள எட்டு வாரமும் தாங்க மூன்று வாரமும் என்றால், இடையில் உள்ள ஐந்து வார இழப்புதான் அந்த இடரின் விலை. நிலநடுக்கமா, வெள்ளமா, அது வர வாய்ப்பு எவ்வளவு என்றெல்லாம் ஊகிக்க வேண்டியதில்லை. ஃபோர்டில் பேரிழப்பு தரக்கூடிய இடங்களில் பல, மிகக் குறைந்த தொகைக்கு வாங்கும் பாகங்களைத் தருபவை என்று தெரியவந்தது.

இடைவெளியை அடைக்கக் கையிருப்பைக் கூட்டலாம், இரண்டாவது சப்ளையரைத் தயார்செய்யலாம். இரண்டுக்கும் இன்றே பணம் வேண்டும். தவிர்த்த இழப்போ எந்தக் கணக்கேட்டிலும் ஏறாது. அதனால்தான் நெருக்கடி ஓய்ந்ததும் இந்தச் செலவில்தான் முதலில் கை வைக்கிறார்கள்.

டொயோட்டா அப்படி மறந்துவிடவில்லை. ஜப்பானின் 2011 நிலநடுக்கத்துக்குப் பிறகு, சிப்களை 2 முதல் 6 மாதத் தேவைக்குச் சேர்த்து வைக்கும்படி சப்ளையர்களைக் கேட்டுக்கொண்டது. 2021 தொடக்கத்தில் சிப் தட்டுப்பாட்டால் பல கார் நிறுவனங்கள் உற்பத்தியை நிறுத்தியபோதும் அது ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் தென்கிழக்கு ஆசிய ஆலைகளைக் கொரோனா முடக்கிய பிறகு, டொயோட்டாவும் அந்த ஆண்டு செப்டம்பர் மாதத்துக்கான தன் உலக உற்பத்தித் திட்டத்தைச் சுமார் 40 சதவீதம் குறைக்க வேண்டியதாயிற்று.