கிருமி வந்த வழி

சாம்பியன் ரீப்ஸ் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழமானது. அங்கே பாறைத் தூசு எத்தனையோ பேரின் நுரையீரலைக் கெடுத்தது. அதோடு காசநோயும் சேர்ந்தது. இது நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். 2001-ஆம் ஆண்டு தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டன.

தென் ஆப்பிரிக்காவிலும் ஆழமான தங்கச் சுரங்கங்கள் உண்டு. நம் ஊர்த் தொழிலாளர்கள் பெரும்பாலும் லைன் வீடுகளில் குடும்பத்தோடு வாழ்ந்தார்கள். அங்கே அப்படி இல்லை. பலர் பக்கத்து நாடுகளிலிருந்து வந்தார்கள். மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு, ஆண்கள் விடுதியில் மாதக்கணக்கில் தங்கினார்கள். 1990-களில் அங்கே எச்.ஐ.வி. கிருமி வேகமாகப் பரவியது. விடுமுறைக்குப் போனவர்களோடு கிருமியும் கிராமத்துக்குப் போனது. மனைவிக்கு வந்தது. குழந்தைக்கும் வந்தது. தூசு படிந்த நுரையீரலில் எச்.ஐ.வி.யும் சேர்ந்ததால் காசநோய் பெருகியது.

இந்தியாவில் இந்தக் கிருமி எப்போது தெரிந்தது? 1986-இல். சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும், அவருடைய மாணவி நிர்மலாவும் கண்டுபிடித்தார்கள். "அது வெளிநாட்டு நோய், இங்கே வராது" என்று அப்போது பலர் நம்பினார்கள். நிர்மலா சேகரித்த இரத்தத்தை வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் சோதித்தார்கள். ஆறு பெண்களின் இரத்தத்தில் கிருமி இருந்தது. அவர்கள் பாலியல் தொழிலில் இருந்தவர்கள். ஊர் அவர்களைப் பழித்தது. அவர்களுக்குக் கிருமியைத் தந்தவர்கள் யார் என்று ஊர் கேட்கவில்லை.

கிருமிக்குச் சாதியும் தெரியாது, தொழிலும் தெரியாது. அது நான்கு வழிகளில் பரவும். ஆணுறை இல்லாத உடலுறவு, கிருமியுள்ள இரத்தம், ஒருவர் போட்ட ஊசி, தாயிடமிருந்து குழந்தைக்கு. சேர்ந்து சாப்பிட்டால் பரவாது. தொட்டால் பரவாது. கொசு கடித்தாலும் பரவாது.

இன்று நம் ஊரிலிருந்து பலர் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். பிழைப்புக்காகப் போகத்தான் வேண்டும். கிருமி பரவும் வழியையும் தெரிந்துகொண்டு போவோம்.

இருமல் இரண்டு வாரம் நீடிக்கிறதா? சளியைச் சோதியுங்கள். காசநோய் இருந்தால் எச்.ஐ.வி. சோதனையும் செய்துகொள்ளுங்கள். அரசு மருத்துவமனையில் சோதனை இலவசம். முடிவை இரகசியமாக வைப்பார்கள். 2004 முதல் அரசு மருந்தும் இலவசமாகத் தருகிறது. தினமும் மருந்து சாப்பிட்டால் நெடுநாள் வாழலாம். தாய் மருந்து சாப்பிட்டால் குழந்தையையும் காப்பாற்றலாம். சந்தேகம் இருந்தால் 1097 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். கட்டணம் கிடையாது.

எச்.ஐ.வி. இருக்கிறது என்பதற்காக ஒருவரை வேலையிலிருந்தோ பள்ளியிலிருந்தோ ஒதுக்கக் கூடாது. 2017-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. ஒதுக்கினால் நோயுள்ளவர் மறைப்பார். மறைத்தால் நோய் பரவும்.