777 என்று தட்டிய பிறகு

வீட்டில் ஒதுங்கிக் கிடந்த கணினியை லினக்ஸ் சர்வராக்கி, டாக்கர் கண்டெய்னர்களில் புகைப்படத் தொகுப்பும் தரவுத்தளமும் ஓட்டுபவர்களுக்கு ‘பெர்மிஷன் டினைட்’ பழகிய பிழைதான். அவசரத்துக்கு ‘சிஎச்மாட் -ஆர் 777’ என்று தட்டுவார்கள். சாய்வுக்கோட்டுக்குப் பின்னால் ஓர் இடைவெளி கூடுதலாக விழுந்தால் போதும். ஒரு கோப்புறைக்குப் போட்ட கட்டளை சர்வர் முழுவதையும் வாரிக்கொண்டு போய்விடும்.

படிக்க 4, எழுத 2, இயக்க 1. மூன்றும் சேர்ந்த 7, உரிமையாளர், குழு, மற்றவர் என மூவருக்கும் கிடைத்தால் 777. எல்லாம் திறந்துவிட்ட பிறகு நிரல்கள் தடையின்றி ஓட வேண்டுமே? நேர்மாறாகத்தான் நடக்கும். போஸ்ட்கிரெஸ், தன் தரவுக் கோப்புறை 700 அல்லது 750 ஆக இல்லாவிட்டால் இயங்கவே மறுக்கும். ஊரே படிக்கக்கூடிய தனிச்சாவியை எஸ்எஸ்எச் ஏற்காது. செட்யூஐடி பிட் அழிந்துவிடுவதால் சூடோவும் படுத்துவிடும். ஆகவே ரூட்டாகத் திறந்திருக்கும் டெர்மினலை மூடவே கூடாது.

பதற வேண்டியதில்லை. கோப்புகளின் உள்ளடக்கத்தில் ஓர் எழுத்துகூட மாறியிருக்காது.

முதலில் கண்டெய்னர்களை நிறுத்திவிட்டு, எதைத் தூக்கிப் போடலாம், எதைப் பழுதுபார்க்க வேண்டும் என்று பிரிக்க வேண்டும். மீட்பில் முக்கியமான முடிவு இதுதான். இமேஜ்களின் அடுக்குகளும் சர்வரின் வட்டில்தான் இருக்கின்றன என்பதால் அவற்றின் அனுமதிகளும் குலைந்திருக்கும். அவற்றை அழித்து, மறுபடி இறக்கி, காம்போஸ் கோப்பைக் கொண்டு கண்டெய்னர்களைப் புதிதாக எழுப்புவதே சுத்தம். இயங்குதளத்துக்கும் பெரும்பாலும் மறுநிறுவலே சுருக்கமான வழி.

வால்யூம்களின் கதை வேறு. அங்கே இருப்பது வீட்டாரின் தரவு; அதைக் கையால்தான் சீர்செய்ய வேண்டும். ‘சிஎச்ஓன்’ கட்டளையால் உரிமையாளரும் மாறிப்போயிருந்தால் இன்னும் கவனம் தேவை. லினக்ஸ் கெர்னல் பயனரின் பெயரைப் பார்ப்பதில்லை, எண்ணைத்தான் பார்க்கிறது. போஸ்ட்கிரெஸின் டெபியன் இமேஜுக்கு 999, ஆல்பைன் இமேஜுக்கு 70, கிராஃபானாவுக்கு 472. ‘எல்எஸ் -எல்என்’ தட்டினால் கோப்புக்கு இப்போது எந்த எண் என்று தெரியும். அந்த இமேஜுக்குள்ளேயே ‘ஐடி’ கட்டளையை நிரலின் பயனர் பெயரோடு ஓட்டினால் எந்த எண் வேண்டும் என்பது தெரிந்துவிடும். கண்டெய்னர் ஒவ்வொன்றாகச் சரிசெய்து, ஒவ்வொன்றாக எழுப்பி, லாகைப் படித்துவிட்டே அடுத்ததற்குப் போக வேண்டும்.

சர்வர் நலமாக இருக்கும்போதே ‘கெட்ஃபேக்ல் -ஆர்’ ஓட்டி, எல்லா அனுமதிகளையும் ஒரு உரைக்கோப்பில் சேமித்திருந்தால் இவ்வளவு பாடு இல்லை. ‘செட்ஃபேக்ல்’ அதைப் படித்து உரிமையாளர் உட்பட அனைத்தையும் திருப்பி வைக்கும். அந்தக் கோப்பில் பாதைகளின் முதல் சாய்வுக்கோடு இருக்காது; அதனால் மீட்கும் கட்டளையை ரூட் கோப்புறையில் நின்று ஓட்ட வேண்டும்.