ஒரு மணி நேரப் பேச்சு, 9 விசாரிப்புகள்: தற்கொலையைத் தடுக்குமா?

தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர் டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போன பிறகு அவரை யார் விசாரிக்கிறார்கள்? பெரும்பாலும் யாருமில்லை. ஆபத்து அங்கேதான்.

சென்னை, கொழும்பு உள்ளிட்ட 5 ஊர்களில் 1,867 பேரிடம் உலக சுகாதார நிறுவனம் ஒரு ஆய்வு நடத்தியது. பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மற்றவர்களுக்கு அத்துடன் ஒரு மணி நேரப் பேச்சு, பிறகு 18 மாதங்களில் 9 முறை போனிலோ நேரிலோ ‘எப்படி இருக்கீங்க?’ என்ற விசாரிப்பு. அவ்வளவுதான். முடிவு 2008இல் வெளியானது. தற்கொலையால் இறந்தவர்கள் முதல் குழுவில் 2.2 சதவீதம், இரண்டாவதில் 0.2 சதவீதம்.

9இல் 5 விசாரிப்புகள் முதல் 11 வாரங்களுக்குள்ளேயே முடிந்துவிடும். டாக்டர்தான் பேசணும் என்றில்லை, பயிற்சி பெற்ற நர்ஸ் போதும். கூடங்குளத்திலிருந்து ஒவ்வொரு தடவையும் வேலையை விட்டுவிட்டு பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏற எல்லாராலும் முடியாது. போனை எடுக்க முடியும்.

வீட்டில் இருப்பவர்கள், ‘சாகணும்னு தோணுதா?’ என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது.

உதவிக்கு: டெலி மானஸ் 14416 (24 மணி நேரமும், இலவசம், தமிழிலும் பேசலாம்). சினேகா, சென்னை: 044-24640050.