உடைவது ஒட்டு அன்று

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள் கோயிலுக்குப் போகும் சாலையும், வண்டலூரிலிருந்து வாலாஜாபாத்துக்குப் போகும் சாலையும் ஒரகடத்திலே சந்திக்கின்றன. அந்த நாற்சந்தியில் ஒரு மாலை வேளை பத்து நிமிஷம் நின்றால் போதும். நம் நாட்டின் இயந்திரத் தொழில் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பதைக் கண்ணாலேயே காணலாம். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் 1998-ல் உருவாகத் தொடங்கின. ஒரகடத்தில் 2010-ல் ரெனோ-நிஸான் கார்த் தொழிற்சாலையும், 2012-ல் டெய்ம்லரின் லாரித் தொழிற்சாலையும் திறக்கப்பட்டன. ஸ்ரீ ராமாநுஜர் அவதரித்த ஊரைச் சுற்றி, ஏரிப் பாசன வயல்களுக்கு நடுவே, இரும்பை வளைத்தும் ஒட்டியும் பிழைக்கும் ஒரு புதிய உலகமே எழுந்துவிட்டது.

சென்ற மழைக்காலத்தில் அந்தச் சந்திக்குச் சற்றுத் தள்ளி ஒரு பழைய லாரி சாய்ந்து நின்றது. பஸ்ஸுக்குக் காத்திருந்த நான் அருகே போய்ப் பார்த்தேன். பாரத்தைத் தாங்கும் வில் பட்டைகளில் ஒன்று முறிந்திருந்தது. முன்பே ஒரு தரம் முறிந்து, எங்கோ சாலையோரப் பட்டறையில் வெல்டிங் செய்யப்பட்ட பட்டை அது.

"வெல்டிங் அப்படியே இருக்குது, சார். அதுக்குப் பக்கத்துல போயிடுச்சு, பாருங்க" என்றார் டிரைவர்.

அவர் சொன்னது உண்மைதான். ஒட்டுப் போட்ட தழும்பு ஒரு கீறலும் இல்லாமல் இருந்தது. அதற்கு அரை விரற்கடை தள்ளி, யாரும் கை வைக்காத இடத்தில் பட்டை இரண்டாகியிருந்தது. கை வைக்கவில்லையே தவிர, அவ்விடத்தை நெருப்பு தொட்டிருந்தது. அந்த நெருப்பு உருக்கினுள்ளே செய்த வேலையைத்தான் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

உருக்கு என்பது இரும்போடு சிறிதளவு கரி சேர்ந்த பொருள். வில் பட்டையில் நூற்றுக்கு அரைப் பங்கு அளவில் கரி இருக்கும். வெறுங் கண்ணுக்கு உருக்கு ஒரே பாளமாகத் தோன்றினாலும், அதை மெருகிட்டு, திராவகம் தடவி, பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தால், நெல்மணிகளை நெருக்கி அடுக்கினாற்போல் எண்ணற்ற மணிகள் தெரியும். ஒவ்வொரு மணிக்குள்ளும் இரும்பின் அணுக்கள் அணிவகுத்து நிற்கின்றன. சாதாரண உஷ்ணத்தில் அந்த வகுப்பில் கரிக்கு இடம் மிகக் குறைவு. ஆகையால் கரி தனியே பிரிந்து மெல்லிய தகடுகளாகப் படிந்திருக்கும். ஏறத்தாழ 727 டிகிரிக்கு மேல் சூடேறினாலோ அணுக்கள் வகுப்பை மாற்றிக் கொள்கின்றன. இந்தப் புதிய வகுப்பு முன்னதைப் போல் நூறு மடங்கு கரியை ஏற்கக் கூடியது. பிரிந்திருந்த கரி அதில் கரைந்துவிடுகிறது.

சூடு மெள்ள ஆறினால் கரி நிதானமாக வெளியேறிப் பழையபடி படியும். உருக்கு இளக்கமாக இருக்கும். திடீரென்று ஆறினால் கரி வெளியேற அவகாசமின்றி உள்ளேயே சிக்கிக் கொள்ளும். அதனால் வகுப்பு முழுவதும் விறைத்து, உருக்கு மிகவும் கடினமாகிவிடும். கடினமாவதோடு நொறுங்கும் தன்மையும் வந்துவிடும். ஜெர்மானிய அறிஞர் அடால்ஃப் மார்டென்ஸின் பெயரால் இந்நிலையை மார்டென்ஸைட் என்கிறார்கள்.

பெயர் புதிது, விஷயம் நமக்குப் பழையது. அரிவாளைச் செக்கச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்க்கும் நம் ஊர்க் கொல்லர் செய்வதும் இதுவே. துவைச்சல் என்று அதற்குப் பெயர். ஆனால் அவர் அதோடு நிறுத்துவதில்லை. தோய்த்ததை மறுபடி இளஞ்சூடு காட்டி, கடினத்தைச் சற்றே தணித்து, உறுதியை வரவழைக்கிறார். அந்த இரண்டாவது சூடு இல்லாவிட்டால் அரிவாள் முதல் வெட்டிலேயே பல்லுப் போகும்.

வெல்டிங்கில் நடப்பது என்ன? மின்வில்லின் கொடுஞ் சூட்டில் ஓரிடம் உருகுகிறது. அதை ஒட்டிய சில மில்லிமீட்டர் அகலம் உருகாமலே செக்கச் சிவக்கிறது. அங்கே மணிகள் ஒன்றையொன்று விழுங்கிப் பருத்துவிடுகின்றன. யாரும் அதைத் தண்ணீரில் தோய்ப்பதில்லை என்று நினைக்கலாம். சுற்றியுள்ள குளிர்ந்த உருக்கே தண்ணீரின் வேலையைச் செய்துவிடுகிறது! சில விநாடிகளில் சூட்டையெல்லாம் அது உறிஞ்சிக் கொள்கிறது. ஒருவரும் கேளாமலே அங்கு ஒரு துவைச்சல் நடந்துவிடுகிறது. ஆனால் கொல்லரின் இரண்டாவது சூடு மட்டும் கிடைப்பதில்லை.

வீட்டு ஜன்னல் கம்பிகளில் கரி குறைவாதலால் இந்தப் பயம் இல்லை. குரோமியம், மாங்கனீஸ், மாலிப்டினம் கலந்த உயர்ரக உருக்குகளில்தான் பயம். இக்கலப்புகள் கரி வெளியேறுவதைத் தாமதப்படுத்துகின்றன. ஆகையால் சுமாரான வேகத்தில் ஆறினாலும் விறைப்பு உண்டாகிவிடும். எந்தக் கலப்பு பலத்தைத் தருகிறதோ, அதுவே ஒட்டும்போது ஆபத்தையும் தருகிறது.

இதற்கு மேல் ஈரம் ஒன்று இருக்கிறது. வெல்டிங் ராடின் பூச்சு ஈரத்தை இழுத்திருந்தால், அது மின்வில்லில் பிரிந்து ஹைட்ரஜன் வாயுவாகி உருக்கினுள் புகும். விறைத்த இடத்தில் தங்கி, சில மணி நேரத்துக்கோ இரண்டு நாளைக்கோ பிறகு, சப்தமில்லாமல் விரிசலை உண்டாக்கும். காலையில் பரிசோதித்து நன்றென்று சொன்ன ஒட்டின் ஓரம் மறுநாள் பிளந்திருப்பதற்குக் காரணம் இதுதான். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் நம் பக்கத்துப் பட்டறைகள் இதை மறக்கலாகாது.

இது சிறு பட்டறைகளின் குறை மாத்திரம் அன்று. ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்துக் கிங்ஸ் பாலம் 1961-ல் திறக்கப்பட்டது. மறு வருஷம் ஜூலை 10-ந் தேதி, 45 டன் பாரத்தோடு ஒரு வண்டி ஏறியபோது பாலத்தின் உத்தரங்கள் பிளந்தன. உயர்பலம் கொண்ட உருக்கில், ஒட்டுகளை அடுத்த இடத்தில் வெல்டிங் சூட்டினால் ஏற்பட்ட சிறு விரிசல்களே மூலகாரணம் என்று விசாரணையில் வெளியாயிற்று.

பரிகாரம் கடினமானதல்ல, பொறுமைதான் வேண்டும். ஒட்டுமுன் உருக்கை வெதுப்பினால் அது மெள்ள ஆறும். ராடுகளை அடுப்பில் உலர்த்தினால் ஹைட்ரஜன் குறையும். ஒட்டியபின் மறுபடி சூடு காட்டினால் விறைப்பு தணியும். கல்பாக்கத்து அதிவேக ஈனுலைக்கான நீராவி யந்திரங்களை இதற்கு உதாரணமாகச் சொல்லலாம். அவற்றின் குழாய்கள் நூற்றுக்கு ஒன்பது பங்கு குரோமியம் சேர்ந்த உருக்கால் ஆனவை. குழாய்ச் சுவரின் ஒரு புறம் உருகிய சோடியம், மறுபுறம் தண்ணீர். இரண்டும் கலந்தால் விபரீதம். அவ்வகை உருக்கை 200 டிகிரிக்கு மேல் வெதுப்பித்தான் ஒட்டுவார்கள். ஒட்டியபின் சுமார் 760 டிகிரியில் பதப்படுத்துவார்கள். இத்தகைய அறிவை வளர்ப்பதற்கென்றே திருச்சியில் பாரத மிகுமின் நிறுவனத்தைச் சார்ந்த வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் 1975-ல் தொடங்கப்பட்டது.

ஒரகடத்துக்கு அருகே உதிரிப்பாகப் பட்டறை ஒன்றில் என் பழைய மாணவன் வெல்டராக இருக்கிறான். லாரியைக் கண்ட மறுவாரம் அவனிடம் இதைச் சொன்னேன். அவன் சிரித்தான்.

"தெரியும், சார். ராடைக் காய வைக்கணும், வெதுப்பணும். எல்லாம் சொல்லிக் கொடுத்திருக்காங்க. ஆனா ஒட்டுறதுக்குப் பத்து நிமிஷம், வெதுப்புறதுக்கு ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்துக்கு யாரு சார் கூலி கொடுப்பாங்க?"

இதற்கு என்னிடம் தயாராகப் பதில் இல்லை. யோசித்துப் பார்த்தால், அந்தக் கூலியை யாரோ ஒருவர் கொடுத்துத்தான் தீர்கிறார்கள். பட்டறையில் கொடுக்காததை டிரைவர் நடுச் சாலையில் கொடுக்கிறார். சில சமயம் எதிரே வருபவரும் கொடுக்கிறார். நம் வீட்டு வண்டியைப் பட்டறையில் விடும்போது, "இது என்ன உருக்கு? இதை ஒட்டலாமா, மாற்ற வேண்டுமா?" என்று ஒரு வார்த்தை கேட்போமாக. வில் பட்டையானால் மாற்றுவதே சரி. ஒட்டக் கூடியதாக இருந்தால், வெதுப்புகிற அந்த ஒரு மணி நேரத்தையும் சேர்த்துக் கூலி பேசுவோமாக.