சின்னத் தறிப்பேட்டை சிந்தாதிரிப்பேட்டை ஆனது எப்படி? கூவம் வளைத்த ஊரின் கதை!

சென்னை பறக்கும் ரயிலில் பார்க் டவுனைத் தாண்டினால், கூவத்தைக் கடந்ததும் வரும் ஸ்டேஷன் சிந்தாதிரிப்பேட்டை. மீன் மார்க்கெட் என்றால் பலருக்கும் உடனே ஞாபகம் வரும் ஏரியா. ஆனா, இந்த ஊர் உருவானது மீனுக்காக இல்லை... துணிக்காக!

ஆறு போட்ட வேலி

மேப்பை எடுத்துப் பாருங்க. எழும்பூர் பக்கமிருந்து வரும் கூவம், இங்கே பெரிய வளைவு எடுத்துத்தான் நேப்பியர் பாலம் அருகே கடலில் சேருது. அந்த வளைவுக்குள்தான் சிந்தாதிரிப்பேட்டை இருக்கு. மூன்று பக்கம் ஆறு, இன்னொரு பக்கம் அண்ணா சாலை. மேற்கே ஆற்றைத் தாண்டினால் புதுப்பேட்டை.

ஏன் இந்த இடம்?

1730-களில் கிழக்கிந்திய கம்பெனிக்கு ஏற்றுமதி செய்ய துணி தேவைப்பட்டது. வெளியூர் நெசவாளர்களையே நம்பியிருக்காமல், கோட்டைக்குப் பக்கத்திலேயே அவர்களைக் குடியமர்த்த முடிவு செய்தார்கள். கவர்னர் மார்ட்டன் பிட் காலத்தில், 1734-ல், சுங்குராமன் என்ற வணிகரின் தோட்டம் இருந்த இடத்தில் இந்தப் பேட்டை உருவானது.

பாவு விரிக்க மர நிழல் வேணும். நூலையும் துணியையும் அலசி வெளுக்க தண்ணீர் வேணும். ரெண்டுமே இங்கே கிடைத்தது. நெசவாளர்கள், நூல் நூற்பவர்கள், துணியில் சித்திரம் தீட்டுபவர்கள், வெளுப்பவர்கள் என எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். சின்னத் தறிப்பேட்டை என்ற பெயர் மருவி சிந்தாதிரிப்பேட்டை ஆனது.

தறிகள் எங்கே போச்சு?

19-ம் நூற்றாண்டில் இங்கிலாந்து மில் துணி மலிவு விலையில் வந்து குவிந்தது. கைத்தறித் துணி ஏற்றுமதி சரிந்தது. தறிகள் போன இடத்துக்கு கடைகளும் மார்க்கெட்டும் வந்தன.

இப்போ என்ன நிலைமை?

துணி அலச உதவிய ஆறு, நகரம் வளர வளர சாக்கடையானது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் கூவமும் கரை தாண்டியது. அதற்குப் பிறகு, நதி சீரமைப்புப் பணிகளுக்காக நகர் முழுக்க கூவம் கரையோரம் வசித்த பல ஆயிரம் குடும்பங்கள் பெரும்பாக்கம் போன்ற இடங்களுக்கு மாற்றப்பட்டன. சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து பெரும்பாக்கம் 20 கி.மீ.க்கும் மேல். வேலையும் பள்ளிக்கூடமும் தூரமாயிடுச்சு என்பது அந்த மக்களின் கவலை.

அன்று வேலை செய்பவர்கள் பக்கத்தில் இருக்கணும் என்பதற்காகவே ஆற்றங்கரையில் ஒரு ஊரை உருவாக்கினார்கள். இன்று ஆற்றைச் சுத்தம் செய்ய, வேலை செய்பவர்கள் தூரமாகப் போக வேண்டியிருக்கு. கூவத்தைக் காப்பாற்றுவது எப்படி என்பதோடு, கரையில் வாழ்ந்தவர்களுக்கு பக்கத்திலேயே இடம் கிடைக்குமா என்பதும் சென்னை பதில் சொல்ல வேண்டிய கேள்வி.