நல்ல தண்ணீர் கெடுத்த வயல்

"உவர் வயலில் வாய்க்கால் தண்ணீரைத் தேக்கித் தேக்கி உப்பை அலசினேன். இப்போது தண்ணீர் இறங்கவே மாட்டேன் என்கிறது. மேலே கலங்கலாக நிற்கிறது. உப்பு போனால் மண் தேற வேண்டாமா?" என்று கேட்டு எழுதியிருக்கிறார் ஒரு விவசாயி. உப்பு போனதுதான் வினை. காரணம், களிமண்ணுக்குள் மின்சாரம் இருக்கிறது.

1807-ல் மாஸ்கோவில் ராய்ஸ் என்பவர் செய்த சோதனை எனக்கு அலுக்காத ஒன்று. ஈரக் களிமண்ணில் இரண்டு கண்ணாடிக் குழாய்களைச் செருகினார். ஒவ்வொன்றின் அடியிலும் கழுவிய மணல், மேலே தண்ணீர், அதில் ஒரு மின்கம்பி. நேர்முனைக் குழாயில் களித்துகள்கள் மணலுக்குள் புகுந்து மேலேறித் தண்ணீரைக் கலக்கின. எதிர்முனைக் குழாயில் தண்ணீர் தெளிவாகவே இருந்தது, மட்டம் மட்டும் உயர்ந்தது. மண் ஒரு திசை, தண்ணீர் மறுதிசை! வோல்டா தன் மின்கலத்தை அறிவித்து அப்போது ஏழு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

பல களிமண் தாதுக்களில் சிலிக்கானின் இடத்தில் அலுமினியமோ, அலுமினியத்தின் இடத்தில் மக்னீசியமோ உட்கார்ந்துவிடும். அதனால் தகடுகளில் எதிர்மின்சுமை தங்குகிறது. அதை ஈடுகட்ட நேர் அயனிகள் சுற்றிலும் மொய்க்கின்றன. மழைநாளில் எங்கள் ரேஷன் கடைச் சந்தில் இரண்டு பேர் விரித்த குடையோடு எதிரெதிரே வந்தால் நெருங்க முடியாது. சோடியம் மொய்த்த துகள்களும் அப்படித்தான். தண்ணீரில் உப்பு மிகுந்தால் குடை மடங்கும், துகள்கள் ஒட்டித் திரளும், இடையே தண்ணீர் இறங்க வழி இருக்கும். உப்பை மட்டும் அலசினால் தகட்டைப் பற்றிய சோடியம் போகாது. குடை விரியும், துகள்கள் பிரிந்து மண்ணின் கண்களை அடைத்துவிடும்.

கால்சியத்துக்கு இரட்டை மின்சுமை. தகட்டை நெருங்கிப் பிடிக்கும், குடை சிறுக்கும். அதற்குத்தான் கால்சியம் தரும் ஜிப்சம். ஆனால் மூட்டையை வரப்பில் இறக்கியதோடு கடமை முடிந்ததாக நினைப்பவர்களே அதிகம். மண் பரிசோதனைச் சீட்டைக் கூரையில் செருகிவிட்டு, அக்கம்பக்கத்தார் போட்ட அளவையே போடுகிறோம். கார அமில நிலை 8.5-க்கு மேல், தகட்டைப் பற்றிய மாற்றுச் சோடியம் 15 சதவீதத்துக்கு மேல் என்றால்தான் அது களர், அதாவது சோடியம் ஏறிய மண். எவ்வளவு ஜிப்சம் என்பதையும் அந்தச் சீட்டுதான் சொல்லும்.

முதலில் ஜிப்சத்தை மேல்மண்ணில் கலந்து உழ வேண்டும். அது மெல்லத்தான் கரையும். பிறகே தண்ணீரைத் தேக்க வேண்டும். பெயர்ந்த சோடியம் வெளியேற வடிகால் இல்லாவிட்டால் செலவு வீண். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் சோடியம் பைகார்பனேட் இருந்தால் அதையும் சோதித்துவிடுங்கள். ஒவ்வொரு பாசனத்திலும் அது மறுபடியும் சோடியத்தைக் கொண்டுவந்து சேர்க்கும்.